புதுக் கொப்புளம்

ஆஸ்பத்திரியில் 'கொப்புள டாக்டர்' என்றால்தான் அவளைத் தெரியும். குழந்தைகளின் தோல் நோய்க்கென்றே படித்தவள். விருந்துக்குப் போன இடத்திலும் யார் வீட்டுக் குழந்தையின் முழங்கையையாவது திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாப்பிட வந்தாயா, வைத்தியம் பார்க்க வந்தாயா என்று கணவர் கிண்டல் செய்வார்.

இந்த முறை வந்தவள் மூன்று வயதுச் சிறுமி. அடிவயிற்றிலும் தொடையிலும் நீர் கோத்த கொப்புளங்கள், எல்லாம் உடைந்து புண்ணாகியிருந்தன. அப்பா டீக்கடை மாஸ்டர். அது போதாதா? வெந்நீரை ஊற்றியது அவர்தான் என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிட்டது. அவரை வார்டுக்குள் விடக்கூடாது என்று குழந்தைகள் நல அதிகாரியும் சொல்லிவிட்டார். சூடுபட்ட புண் இல்லை என்று தெரியாவிட்டால் குழந்தை காப்பகத்துக்குத்தான்.

டாக்டருக்கு வேறு சந்தேகம். உடம்பே தன் தோலை எதிரியாக நினைத்துப் பிரித்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதை உறுதிசெய்ய, புதுக் கொப்புளத்தின் ஓரத்தில் துளி தோலெடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய புண் உதவாது.

ஆகவே காத்திருந்தாள். ஒரு குழந்தைக்கு இன்னொரு கொப்புளம் வரட்டும் என்று காத்திருப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. போர்வையை விலக்கிப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் இருக்காது. குறைந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்படுவாள். டாக்டர் குழந்தையின் முதுகையும் திருப்பித் தேடுவாள். வெளியே வராந்தாவில் அப்பா, கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு நிற்பார். மறுநாள் அதிகாரி குழந்தையை அழைத்துப்போக வருவதாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா அலறினாள். பழைய புண்ணைச் சுற்றி, மணி கோத்ததுபோல் வட்டமாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். அப்பாவும் வெந்நீரும் எட்டாத வார்டில் முளைத்தவை.

"அப்பாடா" என்று டாக்டரின் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் அவள் குறுகிப்போனாள்.

"மன்னிச்சிடும்மா. இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரர் எதுவும் செய்யலன்னு இனிமே என்னால சொல்ல முடியும்."

சோதனையும் அதையே சொன்னது. ரத்தம் பார்த்து மாத்திரை ஆரம்பித்ததும் கொப்புளங்கள் காயத் தொடங்கின. அதிகாரி தடையை விலக்கினார்.

உள்ளே வந்த அப்பா கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றுவிட்டார். குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. அவர் கைகள் அப்போதும் கக்கத்தைவிட்டு வரவில்லை.

"நான் தொட்டா மறுபடியும் வந்துடுமா டாக்டர்?"