பீப் சத்தத்தில் ஒரு சா-சா-சா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையை நான் வீடியோ கேம் கடையாக்கினேன். சைகோனின் நான்காம் வட்டாரத்தில், எதிரெதிரே இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து எங்களுடையது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, எங்கிருந்தோ வந்து குவிந்த போலி விளையாட்டுப் பெட்டிகளை அவற்றோடு இணைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடி வருவார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் பீப், பீப் என்று கத்தும். குதித்தால் ஒரு சத்தம், செத்தால் ஒரு சத்தம், நடுவில் நிற்காமல் ஓடும் ஒரு சின்னப் பாட்டு.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் அப்பா படுத்திருப்பார்.

அப்பா எழுபத்தைந்துக்கு முன் நடன விடுதிகளில் சாக்ஸபோன் வாசித்தவர். அவருடைய தகப்பனார் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் எழுத்தராக வேலைக்கு வந்தவர். அம்மா சைகோனுக்கு வெளியே 'கு சி' என்ற ஊர்ப் பக்கத்து வியட்நாமியப் பெண். அவளோடு வியட்நாமியம், அப்பாவோடு தமிழ் என்று வளர்ந்தேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே குழுவில் டிரம்ஸ் அடித்தார்.

நகரம் கம்யூனிஸ்டுகளிடம் கைமாறியதும் விடுதிகள் மூடின. இவர்கள் வாசித்த பாட்டுகளுக்கு 'மஞ்சள் இசை' என்று பெயர், மனதைக் கெடுக்கிற பாட்டுகளாம். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தவர்கள் விமானம் ஏறினார்கள். சித்தப்பாவும் ஏறினார். அப்பாவும் ஏறியிருக்கலாம். தன்னைப் பெற்றவர்களை விட்டுவிட்டு வர முடியாது என்றாள் அம்மா. அப்பா இருந்துவிட்டார். சாக்ஸபோன் அரிசியாக மாறி, அந்த அரிசியும் தீர்ந்தது. பிறகு அவர் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் வேலைக்குப் போனார், இருமல் முற்றும்வரை. தன் கதையைச் சொல்லி அழுகிற மனிதர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

கடை தொடங்கிய மறு ஆண்டு, வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகைக்குச் சித்தப்பா பாரீஸிலிருந்து வந்தார். போனதிலிருந்து அதுதான் முதல் வரவு. பட்டை வைத்த கால்சட்டை, வாசனைத் திரவியம், கூடவே நீளமான ஒரு பெட்டி. பெட்டிக்குள் மின்சார கீபோர்டு.

"அண்ணே, நீ வாசிக்கணும்," என்றார். "அங்க நம்ம ஆளுங்க கல்யாணம், விருந்துன்னு கூடுனா பழைய டான்ஸ் பாட்டத்தான் கேக்குறாங்க. ஒருத்தனுக்கும் ஒழுங்கா வாசிக்கத் தெரியல."

"ஊத எனக்கு மூச்சு இல்லடா."

"ஊத வேணாம். எல்லாக் கருவியும் இதுக்குள்ளயே இருக்குது. அமுக்குனாப் போதும்."

சாக்ஸபோன் என்று எழுதியிருந்த பொத்தானை அழுத்தி, சித்தப்பா இரண்டு கட்டைகளைத் தட்டினார். அப்பா முகத்தைச் சுளித்தார்.

"என்னாடா இது, சளி புடிச்ச வாத்து மாரி கத்துது."

சித்தப்பா சிரித்தார். பத்து வெற்று ஒலிநாடாக்களையும் ஒரு பதிவுப் பெட்டியையும் வைத்துவிட்டு, "அடுத்த டெட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்," என்று போய்விட்டார்.

இரண்டு மாதம் அப்பா அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் துணியை விலக்கி, பொத்தான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வயலின், ட்ரம்பெட், புல்லாங்குழல். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். "பூராவும் வேஷம்," என்றார்.

அன்று மதியம் சந்தே கதவடைத்துத் தூங்கும் நேரம். கடையில் யாரும் இல்லை. அப்பா முன்னறைக்கு வந்து ஒரு பிள்ளையின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கேமைப் போடும்மா. ஆட வேணாம், சும்மா ஓடட்டும்."

போட்டேன். திரையில் பொம்மை நின்ற இடத்திலேயே நிற்க, பாட்டு மட்டும் சுற்றிச் சுற்றி ஓடியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தன பேரு வாசிக்கிறாங்க தெரியுமா? மூணே பேரு. ஒருத்தன் பாட்டு, ஒருத்தன் அவனுக்குத் துணை, ஒருத்தன் கீழ பாஸ். பின்னாடி இரையுது பாரு, அது டிரம்ஸு."

"நல்லா இருக்காப்பா?"

"பொய் சொல்லல. நான் பீப்புன்னுதான் கத்துவேன்னு சொல்லிட்டுக் கத்துது."

கீபோர்டில் எந்தக் கருவியின் பெயரும் இல்லாத, வெறும் மின்சாரச் சத்தம் ஒன்று இருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் பாஸை மட்டும் ஒரு நாடாவில் பதிவார். அதை ஓடவிட்டு, அதற்கு மேல் துணைக் குரலை வாசித்து இரண்டாவது நாடாவில் பதிவார். கடைசியில் பாட்டு. எங்கள் வீட்டு ரேடியோப் பெட்டி ஒரு பக்கம், சித்தப்பா கொடுத்தது மறுபக்கம், நடுவில் அப்பா. மின்விசிறி இரைச்சல் நாடாவில் விழும் என்று அதை நிறுத்தச் சொல்வார். சந்து தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரந்தான் எங்களுக்கு. வேர்வையில் அவர் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாட்டு முடியும் நேரத்தில் தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்தால் திரும்ப முதலிலிருந்து.

அப்படித்தான் நடன விடுதிப் பாட்டுகள் எங்கள் வீட்டில் மறுபடி உயிர் பெற்றன. பொலேரோ, ரும்பா, டேங்கோ, எல்லாம் அந்த மெலிந்த பீப் சத்தத்தில். கேட்டவுடன் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும். அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நிற்பாள். அவள் அப்பாவை முதன்முதலில் பார்த்தது ஒரு விடுதியின் பின்வாசலில், காய்கறிக் கூடையோடு. எந்தப் பாட்டு அப்போது உள்ளே ஓடியது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.

ஒரு மாலை, பெட்டிகள் முன்னால் பிள்ளைகள் நெருக்கியடித்து ஆடிக்கொண்டிருந்தபோது, தடுப்புக்குப் பின்னாலிருந்து கேம் பாட்டு கேட்டது. ஆனால் வேறு தாளத்தில். அப்பா அதை சா-சா-சாவாக மாற்றியிருந்தார். பிள்ளைகள் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டுத் தடுப்பின் மேல் தொற்றி எட்டிப் பார்த்தார்கள். "இன்னொரு தடவை, தாத்தா!" என்று கத்தினார்கள். அப்பா இன்னொரு தடவை வாசித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு வாயைத் திறந்து அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த டெட்டுக்குச் சித்தப்பா வந்தார். நாடாவைப் போட்டுக் கேட்டு, "என்னண்ணே, சாக்ஸ் சத்தமே இல்ல?" என்றார். அப்பா மூன்று குரல் கணக்கை அவருக்கும் விளக்கினார். சித்தப்பா சரி சரி என்று தலையாட்டி, எல்லா நாடாக்களையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "அவன் அங்கேருந்து நல்லதா போட்டுக் கொண்டாருவான்," என்றார் அப்பா.

கொண்டுவந்தார். அதற்கடுத்த டெட்டுக்கு, மேலட்டையோடு, பளபளவென்று ஒரு குறுந்தகடு. வெள்ளைக் கோட்டு போட்ட சித்தப்பா, வண்ண விளக்குகளுக்கு நடுவே கீபோர்டு முன் உட்கார்ந்திருக்கும் படம். கீழே அவர் பெயர். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் அவர் பெயர்தான்.

எங்களிடம் குறுந்தகடு போட ஒன்றும் இல்லை. சித்தப்பா தன் கையடக்கப் பெட்டியில் போட்டு, காதில் வைக்கும் கருவியை அப்பாவின் தலையில் மாட்டினார். அதனால் முதல் தடவை அதை நான் கேட்கவில்லை, அப்பா கேட்பதைத்தான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் முழங்காலின் மேல் லேசாக அசைந்தன. நடுவில் அசைவு நின்றது. பிறகு அசையவே இல்லை. கடைசிப் பாட்டுவரை கேட்டுவிட்டுக் கழற்றினார்.

"சாக்ஸு யாரு?"

"அங்க ஒரு வெள்ளக்காரன். நம்ம பீப்ப அப்புடியே பின்னாடி வச்சிட்டு, மேல அவன ஊத வச்சேன். இல்லாட்டி யாரும் வாங்க மாட்டாங்கண்ணே."

"நல்லா ஊதுறான்," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தப்பா, அப்பா பேரு எங்க?"

சித்தப்பா குறுந்தகட்டைப் பார்த்தபடி பேசினார். "இங்க இருக்குற ஆளு பேரப் போட்டா அண்ணனுக்குத்தானே சங்கடம்? எல்லாம் பழைய பாட்டு. எவனாச்சும் வந்து கேள்வி கேட்டா?"

"இப்ப யாரு கேக்குறா? இந்தச் சந்துல கரோக்கே வச்சிப் பூரா அதத்தான் பாடுறாங்க."

"உனக்குத் தெரியாதும்மா, நீ சின்னப் புள்ள." எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

"விடும்மா," என்றார் அப்பா. "சோத்தப் போடு."

சித்தப்பா விமானம் ஏறியதும் அப்பாவிடம் சண்டைக்கு நின்றேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவர் சைக்கிள் கம்பி ஒன்றால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"கேட்டா என்ன ஆகும்? அவன் அழுவான். நான்தான் சமாதானம் பண்ணணும். சின்னதுலேருந்தே அப்புடித்தான்."

கீபோர்டைத் துணி போட்டு மூடினார். பிள்ளைகள் சா-சா-சா கேட்டுத் தடுப்பைத் தட்டினால், கரண்ட் இல்லை என்பார், முன்னறையில் எல்லாப் பெட்டிகளும் கத்திக்கொண்டிருக்கும்போதே. அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். சித்தப்பா கொண்டுபோகாமல் விட்ட ஒரே நாடா, அப்பாவின் ஒத்திகை நாடா, கட்டிலடியில் கிடந்தது. அதன் மேல் அவர் வானொலிச் செய்தியைப் பதிந்துவிட்டார். தெரியாமல் நடந்தது என்றார். நான் நம்பவில்லை.

சில வருடங்களில் அவர் போய்விட்டார். சித்தப்பாவால் வர முடியவில்லை, மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார். பெரிய வளையம், சந்துக்குள் கொண்டுவர இரண்டு பேர் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கடை இணையக் கடையானது, பிறகு அதுவும் மூடியது. நான் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் அலுவலக வேலைக்குப் போனேன். அம்மாவும் போனாள்.

பீப் சத்தம் திரும்பவும் நாகரிகமாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனது. அந்தக் காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள், பழைய கேம் சத்தத்தில் பழைய சைகோன் பாட்டுகளை வாசித்து இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். அப்படி ஒருநாள் கைபேசியில் ஒரு ரும்பா காதில் விழுந்தது. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன். அது புதுப் பிள்ளைகள் வாசித்தது இல்லை. பாஸ் அரை இழை பின்தங்கி வரும், அப்பாவின் இடக்கை அப்படி. சாக்ஸபோன் இல்லை. வெள்ளைக்காரனை எடுத்துவிட்டு, வெறும் பீப்பை மட்டும் சித்தப்பா மறுபடி வெளியிட்டிருந்தார். இப்போது அதுதான் விற்கிறது.

நகரத்தின் வசதியான பகுதியான பூ மி ஹங்கில் ஒரு காப்பிக் கடையில் அந்த இசைக்காக ஒரு மாலை நடத்துகிறார்கள் என்று பார்த்துப் போனேன். சுவர் முழுக்கப் பழைய கேம் படங்கள். பெரிய திரையில் பாரீஸிலிருந்து நேரலையில் சித்தப்பா, எண்பதை நெருங்கிய முகம். நடத்திய இளைஞன் மரியாதையாகக் கேட்டான்: அந்தக் காலத்தில் யாரும் யோசிக்காத இந்தச் சத்தத்தை எப்படி யோசித்தீர்கள்?

சித்தப்பா நல்ல வியட்நாமியத்தில் பதில் சொன்னார். குளிர்காலமாம். தனியாக ஒரு சின்ன அறையாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மகன் கேம் ஆடிக்கொண்டிருந்தானாம்.

சித்தப்பாவுக்குப் பிள்ளைகளே கிடையாது.

நான் எழுந்தேன். "அதை வாசித்தது என் அப்பா," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சன்னமாக வந்தது. யாரோ ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுபடி சொன்னேன். திரையில் சித்தப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு... நீயாம்மா? நல்லாருக்கியா?" என்றார் தமிழில். பிறகு கூட்டத்தைப் பார்த்து வியட்நாமியத்தில், "என் அண்ணன் மகள். அண்ணன் எனக்கு நிறைய உதவி செய்தார்," என்றார். அவர் கண்ணில் நீர். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தடவிக்கொடுத்தாள். அடுத்த பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள்.

முடிந்ததும் அந்த இளைஞனை உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "கோ," என்றான். இங்கே எங்கள் வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். "நான் நம்புகிறேன். ஆனால் ஏதாவது பதிவு, படம் இருக்கிறதா?" இல்லை என்றேன். அவன் சங்கடத்தோடு குவளையைத் திருப்பிக்கொண்டிருந்தான். "வேண்டுமானால் எங்கள் பக்கத்தில், 'அண்ணனின் உதவியோடு' என்று சேர்க்கிறேன்."

"உதவி என்று போடாதே," என்றேன். "அதற்கு ஒன்றும் போடாமலே விடு."

அவன் ஒன்றும் போடாமல் விட்டுவிட்டான்.

சித்தப்பா இன்னும் டெட்டுக்கு டெட் கைபேசியில் கூப்பிடுகிறார். அந்த மாலையைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. முழங்கால் வலி, அங்கத்துக் குளிர், இங்கத்து வெயில். எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். எடுத்துவிடுகிறேன். என்னோடு தமிழ் பேச இந்த உலகத்தில் வேறு யாரும் மிச்சம் இல்லை.