சிங்கத்தொட்டித் தண்ணீர்

குத்புதீன் பாய் யாரிடமும் சொல்லிக்கொண்டு போகமாட்டார். என் சைக்கிள் கடைக்கு வருவார், பெஞ்சில் உட்காருவார், கிடக்கிற பேப்பரைப் படிப்பார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ‘வாரேன் அண்ணாச்சி’ என்று ஒரு சொல் வாயிலிருந்து வராது. கோவில்பட்டியில் தெருவில் சண்டை போட்டவன்கூடத் திரும்பும்போது ‘இருலே, வாரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போவான். எனக்கு இந்த மரியாதைக் குறைவு ஆகவே ஆகாது. முதுகுக்குப் பின்னால் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். காரணம் தெரியாதவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். காரணம் தெரிந்தும் கத்தியது நான் ஒருவன்தான்.

ஒரு காலத்தில் அவரைப் போல் விடைபெறத் தெரிந்த மனிதன் இந்தக் கரிசல் சீமையிலேயே கிடையாது. ஆட்டைக் கட்டிவிட்டு வரும்போது ஆட்டிடமும் சொல்லிக்கொள்வார். அப்போது அவர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப்போகும் லாரியில் லோடுமேன். வருசம் ஐம்பத்திமூன்றோ நாலோ இருக்கும். கப்பல்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கிற கடை ஒன்று அங்கே உண்டு. அதிலிருந்து இரண்டு கண்ணாடி வைத்த ஒரு பார்வைப்பெட்டியும் ஒரு கட்டுப் பட அட்டைகளும் வாங்கிவந்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை ஒட்டியிருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, தூண் தூணாக, படி படியாக விரிந்து, கை நீட்டினால் சுவர் தட்டும்போல் இருக்கும்.

பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அட்டைக்குக் கீழே இருந்த எழுத்தை யாரோ வாசித்துச் சொல்ல, ஆலிம்சா கண்ணை விரித்துவிட்டாராம். அது ஸ்பெயின் தேசத்தில் கிரனாடா என்கிற பழைய பட்டணம், பல நூறு வருசம் நம்மவர்கள் ஆண்டு, பாங்கு சொல்லி, அரண்மனை கட்டி, கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறிய ஊர் என்று சொன்னார். பாய்க்கு அன்றோடு லோடு ஏற்றுகிற வேலை கசந்துவிட்டது. என்னிடம் வந்து, தகரத்தில் ஒரு கூடு அடித்துச் சைக்கிளில் பொருத்தித் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். படப்பெட்டி குத்புதீன் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கழுகுமலைத் திருவிழா, கயத்தாறு சந்தை, விளாத்திகுளம், நாகலாபுரம் என்று எல்லா இடத்துக்கும் போவார். வெறுமே படத்தைக் காட்டமாட்டார். ஊர் பார்க்க வந்த விருந்தாளியைக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போவார்.

“வாங்க, வாங்க, இதுதான் கிரனாடா வாசல். மேல பாருங்க, கல்லுல ஒரு கை செதுக்கியிருக்கா? அதுக்குக் கும்பிடோ சலாமோ, ஒங்க வழக்கப்படி ஒண்ணு போடுங்க. உள்ள வாங்க. பன்னெண்டு சிங்கம் சுத்தி நிக்கி, முதுகுல தொட்டியத் தாங்கிக்கிட்டு. பயப்படாதீய, கல்லுதான். வெயில்ல வந்திருக்கீய, முகத்தக் கழுவுங்க. ரெண்டு கை தண்ணி குடிங்க. இந்தா பாருங்க குளம், கோபுரம் தலகீழாத் தெரியுதா? சந்துக்குள்ள மெதுவா ஏறுங்க, எல்லாம் வெள்ள வீடு. அந்த மலையப் பாத்தீயளா, பஞ்சு காயப்போட்ட மாதிரி? அதுதான் பனி. திரும்புங்க. வந்த வாசல்லயே வெளிய வரணும்.”

கடைசியில் வாசல் படத்தை மறுபடி போடுவார். “ஒரு ஊருக்கு வந்துட்டுச் சொல்லாமலா போறது? சொல்லிக்கிடுங்க. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க.”

பெட்டிக்குள் முகத்தை வைத்திருக்கும் ஆணும் பெண்ணும் வெட்கத்தோடு சொல்லுவார்கள். போகும்போது ‘போறேன்’ என்று சொன்னால் அது திரும்பாத பயணம் என்றல்லவா நமக்குப் பழக்கம்? அதனால் எல்லோரும் ஒழுங்காக, போயிட்டு வாரேன் என்றார்கள். அது வாக்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. மழை பொய்த்த வருசங்கள் அவை. கிணறுகளில் வாளி தரையைத் தட்டும் சத்தம்தான் கேட்கும். பெண்கள் அந்தச் சிங்கத்தொட்டிப் படத்தை விட்டு நகரவே மாட்டார்கள். நான் கேலி செய்வேன். “ஏன் பாய், படத்துல எங்கயும் ஒரு ஆளக் காணுமே, ஊரோட வலசை போயிட்டாவளா?” உண்மையிலேயே எந்த அட்டையிலும் ஒரு மனித முகம் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே, “நாமதான் போறோமே அண்ணாச்சி, போதாதா?” என்பார்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ராமலட்சுமி ஒருநாள் என் கடை வாசலில் அவரை மறித்தாள். நல்ல திடமான பொம்பளை. இரண்டு மூன்று தடவை பெட்டி பார்த்தவள்.

“பாய், அந்தச் சிங்கத்துக்குப் பின்னால ஒரு படிக்கட்டு கீழ போகுதே, அது எங்க போகுது? தூக்கத்துல பாதி வரைக்கும் எறங்கிட்டேன். யாரோ கூப்பிடுதாவ.”

நான் சிரித்தேன். எந்த அட்டையிலும் அப்படிப் படிக்கட்டு இல்லை. ஆனால் பாய் சிரிக்கவில்லை. முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிட்டது. அவள் போனபிறகு சொன்னார்: “அந்தப் படிக்கட்டு எனக்கும் தூக்கத்துல வருது அண்ணாச்சி. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

அந்தக் கோடையிலேயே ராமலட்சுமி செத்துப்போனாள். அவள் புருசன் தங்கச்சாமி டயருக்குக் காற்றடிக்க வந்தபோது அழுதான். “ஒரு வாய் தண்ணி எறங்கல அண்ணாச்சி. ஊத்த ஊத்தத் துப்புதா. தாகமில்ல, குடிச்சிட்டேன், அங்கன குடிச்சிட்டேன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தா.” எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் இத்தனை வருசத்தில் அதுவும் ஒரு பஞ்சர் ஒட்ட வந்திருக்கும். வெயில் தாக்கியிருக்கிறது என்றேன். பெஞ்சில் இருந்த பாய் எழுந்து, படப்பெட்டியை என் கடையின் உள் மூலையில் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினார்.

ஆனால் அவர் வீட்டிலிருந்து அதற்கு முன்பே வாக்குப் போய்விட்டிருந்தது. அவருக்கு ஒரே மகள், ஜரினா. அப்போது பத்து வயசு இருக்கும். தகப்பன் அட்டைகளைத் துடைத்து அடுக்கும்போதெல்லாம் கூட உட்கார்ந்து பார்ப்பாள். தினமும் கிரனாடாவுக்குப் போவாள், தினமும் தொட்டியில் குடிப்பாள், தினமும் வாசலில் நின்று கெட்டிக்காரியாக ‘போயிட்டு வாரேன்’ சொல்லுவாள். மற்றவர்கள் ஒரு தடவை கொடுத்த வாக்கை அவள் எத்தனை தடவை கொடுத்தாளோ.

ராமலட்சுமி போய்ப் பதினைந்து நாள் இருக்காது, ஜரினாவுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் டைபாய்டு என்றார். மருந்து கொடுத்தார். “தண்ணி உள்ள போகணும். போகலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டது. சங்கில் ஊற்றினால் கடைவாய் வழியாக வழிந்தது.

ஒருநாள் உச்சி வெயிலில் பாய் கடைக்கு ஓடிவந்தார். “பெட்டிய எடுங்க அண்ணாச்சி” என்றார். என்னவோ ஏதோ என்று தூக்கிக்கொண்டு கூடவே போனேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வீட்டுக்குள் அவர் மனைவி பக்ருன்னிசா தம்ளரும் துணியுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஒரு சொட்டு எறங்கல. தாகமில்லைங்கா. சிங்கத்துக்கிட்ட குடிச்சேங்கா” என்றார் அந்த அம்மாள்.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர் படாத காய்ச்சல்காரியின் உதடு வெடித்துக் கிடக்க வேண்டும். நனைத்த துணியைக்கூட அவள் கிட்டே விடவில்லையாம். ஆனால் அந்த உதடு ஈரமாக இருந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன், பார்த்ததை இன்றுவரை எனக்குள் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பாய் அட்டைகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கினார். மகளின் தலையை மடியில் தூக்கிவைத்துக் கண்ணாடியை அவள் கண்ணில் பிடித்தார்.

“தாயி, அத்தா வந்திருக்கேன். மலை தெரியுதா? அங்கன நிக்காத. கீழ எறங்கு. சந்து வழியா வா.”

“வாரேன் அத்தா.” பிள்ளைக்குக் குரல் வந்தது.

“குளத்துக்கிட்ட நிக்காத. வா, வா. சிங்கம் வந்துட்டா? தண்ணியத் தொடாத.”

“எல்லாரும் சுத்தி நிக்காவ அத்தா.”

“ஆரும் இல்ல தாயி, படத்துல ஆளே கெடையாது. வாசலுக்கு வா.”

வாசல் அட்டையைச் செருகினார். “இப்பச் சொல்லு. போறேன்னு சொல்லு. போயிட்டு வாரேன்னு சொல்லாத. போறேன், இனி வரமாட்டேன்னு சொல்லு.”

“வாயக் கழுவுங்க! சீக்குப் பிள்ளையப் போயி அந்தச் சொல்லச் சொல்லச் சொல்லுதீயளே” என்று பக்ருன்னிசா அவர் கையைப் பிடித்து இழுத்தார். உயிர் ஊசலாடுகிற வீட்டில் யார் அந்த வார்த்தையை உச்சரிப்பார்கள்? ஆனால் மகளைப் பறிகொடுக்க நிற்கும் தகப்பனிடம் எந்த வழக்கத்தைப் பேசுவது?

ஜரினா சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுதாள். “வாசல்ல அந்தக் கல்லுக் கை மறிக்குது அத்தா. வாரேன்னு சொன்னேல்லான்னு கேக்காவ. பதில் ஆளில்லாம விடமாட்டாவளாம்.”

குத்புதீன் பாய் பெட்டியை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்து, சந்தைக்கடையில் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார். “அவள விட்டுருங்க. நான் வாரேன். இவள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டு, பேரப்பிள்ளையையும் பாத்துட்டு நான் வாரேன்.” மறுபடியும் மகள் கண்ணில் வைத்தார். “அத்தா வருவாருன்னு நீயும் சொல்லு தாயி.”

அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு கண்ணாடியைத் தள்ளிவிட்டு, “தண்ணி” என்றாள்.

எங்கள் ஊர்த் தண்ணீர்தான். உவர்ப்புத் தண்ணீர், அடியில் மண் தங்கியது. மடக் மடக்கென்று குடித்தாள். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் எழுந்து நடமாடியதும் பாய் அட்டைகளைக் கொண்டுவந்து என் கடையின் பின்னால் தார் டின்னில் போட்டு எரித்தார். வாசல் அட்டையை மட்டும் எரிக்கவில்லை. “அதையும் போடும்” என்றேன். “வாசல எரிச்சுட்டா எந்த வழியாப் போறது அண்ணாச்சி?” என்றார். அதற்குப் பிறகு குடை ரிப்பேர், பேரீச்சம்பழ வியாபாரம் என்று பிழைத்தார். யாரிடமும் வாரேன் என்று சொல்வதையும் அன்றோடு விட்டார். ஒருநாள் நான் ரொம்பக் கத்தியபோது, “எங்கிட்ட ஒரு ‘வாரேன்’தான் இருந்தது அண்ணாச்சி. அதக் குடுத்தாச்சு” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிற மனிதன் இப்படியா பேசுவது?

ஜரினா வளர்ந்தாள். பஜாரில் தையல் கடை வைத்திருந்த ஜாபர் அலிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார். அறுபத்தெட்டில், கோடைத் தொடக்கத்தில் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிந்து, பேரனைத் தூக்கி வைத்திருந்து பார்த்துவிட்டு, நேரே என் கடைக்கு வந்தார். சலவைச் சட்டை. கத்திரி வெயிலில் பஜாரைக் கடந்து வந்தவர் முகத்தில் வேர்வையே இல்லை, இப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. தாகமில்ல.”

தம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் பேப்பரை எடுக்கவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தொண்டை கிழியக் கத்தவேண்டும்போல் இருந்தது எனக்கு. அன்றைக்குத்தான் அவர் சொல்லிக்கொண்டார்.

“அண்ணாச்சி, போறேன்.”

“போயிட்டு வாரேன்னு சொல்லும்வே!” என்று அலறினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மாலை அஸர் தொழுகைக்குப் போனவர், பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுல் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே முடிந்துபோனார். கை இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததாம்.

சில மாதம் கழித்து ஜரினா குழந்தையோடு கடைக்கு வந்தாள். வாசல் அட்டையைக் காட்டினாள். அதே வாசல், அதே கல் கை, ஆள் யாரும் இல்லை. “ஒங்க அத்தா ஒனக்குப் பதிலாப் போயிட்டாரு தாயி. நீ நல்லா இரு” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மாமா, அன்னைக்கு அத்தா சொல்லச் சொன்னத நான் சொல்லல. பெத்த தகப்பன எப்படிக் குடுப்பேன்? நானே வாரேன், கொஞ்சம் பொறுத்து வாரேன்னுதான் சொன்னேன். அத்தாகிட்ட இத ஒருநாளும் சொல்லல.”

ஒரு உயிருக்கு இரண்டு பேர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். போனவரோடு கணக்குத் தீர்ந்ததா, இன்னொன்று பாக்கி நிற்கிறதா என்று யாரிடம் போய்க் கேட்பது? பானையில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். நீட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவளும் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வாங்கினாள். முழுவதும் குடித்தாள். இன்னொரு தம்ளர் கேட்டு அதையும் குடித்துவிட்டு, கண்ணில் நீரோடு, “தாகமாத்தான் இருக்கு மாமா” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் பஜாருக்குப் போகிற வழியில் வருகிறாள். தண்ணீரை நீட்டுகிறேன். அவள் வாயில் தம்ளரை வைத்து, தொண்டை அசைந்து, முதல் மடக்கு உள்ளே இறங்குகிறவரை எனக்கு மூச்சு வருவதில்லை.