புகையில்லாத ஏற்றம்

என் அண்ணியின் அறைக்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வாயையும் கொஞ்சம் மூடிக்கொள்ள வேண்டும். அது ஒன்றும் ஆபரேஷன் தியேட்டர் இல்லை. லாரிகளின் டீசல் பம்ப் பார்க்கிற அறை, அவ்வளவுதான்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் பட்டறை. எஞ்சினை இறக்குவது, ஏற்றுவது, கூச்சல், தரையெல்லாம் ஆயில். அந்தப் பக்கம் தரையில் ஊசி விழுந்தால் எடுத்துவிடலாம். ஒரு தூசு பம்புக்குள் போனால் லாரியே படுத்துவிடும் என்பது நியாயம்தான். ஆனால் அதை அவர் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தே சொல்வதுதான் எனக்கு எரிச்சல்.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி ஒரு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். பெண் பிள்ளையாயிற்றே, கை அழுக்காகாத இடமாகப் பார்த்துப் போடுவோம் என்று பம்ப் பிரிவில் தள்ளிவிட்டார்களாம். தள்ளிவிட்டவர்களே பிறகு சந்தேகம் கேட்க அவர் மேசைக்கு வந்து நின்றார்கள். என் அண்ணன் தையல்காரர். எஞ்சின் உறுமினாலே தலைவலி என்று படுத்துக்கொள்கிற ஆள். உங்களுக்குள் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டால், "ரெண்டு பேரும் அளவெடுக்கற வேலைதானே?" என்பார் அண்ணி.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பம்பைச் சரிசெய்து பூட்டியதும், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவுக்குக் கம்பி சுற்றி ஈயத்தால் சீல் வைப்பார். அப்புறம் லோடு ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் தானே உட்கார்ந்து, ஒரு மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார். இந்த ஊரில் வேறு எந்த பம்ப்காரரும் தன் வேலையை நம்பி அப்படி வண்டியில் ஏறி உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருநாள் என் மாமனார் ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டிரைவர்கள் அவரைப் புகையார் என்பார்கள். அவர் லாரி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். புகை கருப்பாக வந்தால்தான் வண்டியில் பவர் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் காலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அதே கட்சிதான்.

மலைமேல் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். அதற்குக் குழாய் ஏற்றிப் போகும் வேலை வந்திருந்தது. முழு லோடோடு மேலே வந்து காட்டும் வண்டிக்குத்தான் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மாமனாரின் வண்டியோ பாதி மலையிலேயே நின்றுவிடும்; அதற்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. பழைய இரும்புக்காரன் ஏற்கெனவே வந்து சேஸிஸைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இந்த மேட்டில் ஏறாவிட்டால் வண்டி உடைக்கத்தான் போகும்.

"பெரிய பம்ப் கெடச்சிருக்கும்மா. ஒரு அடிபட்ட வண்டியில இருந்தது. இதை மாட்டித் திறந்து விட்டுடு. பிச்சுக்கிட்டுப் போகணும்" என்றார்.

"கையைக் கழுவிட்டு உள்ள வாங்க மாமா" என்றார் அண்ணி.

முதலில் வண்டியில் இருந்த பழைய பம்பை, பம்பைச் சோதிக்கும் மேடையில் மாட்டி ஓட்டினார். அது ரோட்டரி. ஒரே ஆள் ஆறு இலைக்கும் ஓடி ஓடிப் பரிமாறுகிற மாதிரி, ஒரே தலை ஆறு சிலிண்டருக்கும் டீசல் அனுப்பும். எதிரே வரிசையாக ஆறு கண்ணாடிக் குழாய்கள். எல்லாம் சமமாகத்தான் நிரம்பின. மாமனார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அண்ணி அவசரப்படவில்லை. டீசலைச் சூடாக்கி மறுபடி ஓட்டினார். இப்போது ஆறு குழாயிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஏறியது.

"தலை தேஞ்சு போச்சு. சூடானா உள்ளுக்குள்ளயே கசியுது. நீங்க பாதி மலையில நிக்கறது இதனாலதான்."

அடுத்தது கோணிப்பை பம்ப். இது இன்லைன், இலைக்கு ஒருவர் நின்று பரிமாறுவது. சூடானாலும் சளைக்கவில்லை. ஆனால் ஒரு குழாய் வழிந்தது, ஒன்று காய்ந்தது. மாமனாருக்கு வழிந்த குழாய் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"பாத்தியா, எப்படிக் கொட்டுது!"

"கொட்டினா போதுமா மாமா? எரியறதுக்குக் காத்து வேணாமா? உங்க எஞ்சின் இழுக்கற காத்துக்கு இவ்வளவு டீசல் தாங்காது. இந்த பம்பையே போடலாம். ஆறையும் ஒண்ணா ஆக்கி, அளவா வச்சுத் தரேன்."

அந்த ஆறையும் ஒன்றாக்கிய வேலையை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு மயிரிழை திருப்புவார், ஓட்டுவார், குனிந்து குழாயைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டு மறுபடி திருப்புவார். நானாக இருந்தால் மூன்றாவது தடவையே ஸ்பானரை வீசியிருப்பேன். கடைசியில் ஆறு குழாயிலும் டீசல் ஒரே கோட்டில் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

அண்ணி சீல் வைத்ததும் வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்தோம். புகைக்குழாயில் ஒன்றுமே இல்லை. மாமனார் பின்னால் போய்க் குழாய்க்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார். கை அழுக்காகவில்லை. அவர் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் தண்ணீர்க் குழாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மாமனார் ஓட்ட, நடுவில் நான், ஜன்னலோரம் அண்ணி. முதல் வளைவு தாண்டியதுமே பின்னால் கருப்பாகக் கிளம்பியது. மாமனார் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து மலர்ந்தார். அண்ணியோ டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் சிவப்பைத் தொடப் போனது.

"நிறுத்துங்க மாமா."

"இங்கயா? செங்குத்தா இருக்கு. நின்னா அப்புறம் எடுக்க முடியாதும்மா!"

"இன்னும் ரெண்டு வளைவு போனா சூட்டுல எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கும். நிறுத்துங்க."

நான் குதித்து இறங்கிப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். மேலே தொட்டியருகே சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அண்ணி பானெட்டைத் திறந்தார். சீல் இல்லை. கம்பி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெண் கொடுத்தவர் என்றுகூடப் பார்க்காமல் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"கம்பி அறுந்திருக்கு மாமா. ஆட்டத்துல ஸ்குரூ திரும்பிடுச்சு போல" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமலே.

எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடு இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கச் சொல்லி, காதைச் சாய்த்து, பின்னால் புகையைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மேடை இல்லை, கண்ணாடிக் குழாய் இல்லை, காதும் கண்ணும்தான்.

மாமனார் ஜன்னல் வழியே கீழே சரிவை எட்டிப் பார்த்தார். "குறைச்சா எப்படிம்மா ஏறும்? பின்னால சரிஞ்சா லோடோட போயிடுவோம்மா. இருக்கறது இந்த ஒரு வண்டிதான்."

"அந்தக் கருப்பு பூரா எரியாத டீசல் மாமா. அது இழுக்காது, சூடுதான் ஏத்தும். சரிஞ்சா நானும்தானே உள்ள இருக்கேன்? எடுங்க."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மாமனார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு முறை குலுங்கியது. கட்டையிலிருந்து சக்கரம் முன்னால் விலகியது. நான் கட்டைகளை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். என் முகத்தில் வெறும் சூடான காற்றுதான் அடித்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குத்தான் மூச்சு வாங்கியது, வண்டிக்கு இல்லை. சூப்பர்வைசர் வந்தார். "நல்லாத்தானே வந்தீங்க? நடுவுல ஏன் நிறுத்தினீங்க?"

"கம்பி அறுந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அறுந்துபோகல சார்" என்றார் மாமனார். "நான்தான் வெட்டினேன். இந்தப் பொண்ணு சரியா வச்சுக் கொடுத்ததை, புகை வரலைன்னு நான்தான் திருப்பிக் கெடுத்தேன். தெரிஞ்சும் என்னைக் காட்டிக் கொடுக்கல. வேலை கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம்."

சூப்பர்வைசர் வண்டியைச் சுற்றி வந்தார். புகைக்குழாயைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அவங்க வச்ச மாதிரியே இருந்தா நாளைலேருந்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் இடுப்பிலிருந்து ஒரு சின்ன ஸ்பானரை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. என் கையை எனக்கே நம்ப முடியல."

அண்ணி வாங்கவில்லை. "வச்சுக்குங்க மாமா. பேட்டரி டைட் பண்ண வேணும்ல? பம்ப் பக்கம் மட்டும் போகாதீங்க."

மாமனார் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொள்ளலாம் என்றால், அதற்கும் அங்கே வழியில்லாமல் போய்விட்டது.