பெய்லினின் பென்சில் நிற்கும் இடம்

பென்சில் முனை ஒவ்வொரு பெயராக இறங்கி வருகிறது. 'மனைவி, ஷென் வீட்டுப் பெண்' என்ற வரி வந்ததும் நின்றுவிடுகிறது. தௌ பெய்லின் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறார். சீனாவின் ஷாவ்ஷிங் நகரில் கால்வாயோரத்து அச்சகம் ஒன்றில் குலப் பதிவேடுகளுக்குப் பிழை திருத்துவது அவர் வேலை. வயது அறுபத்து மூன்று. அந்தப் பதிவேடுகளில் ஆண்களுக்குப் பெயர் உண்டு; பெண்களுக்குப் பிறந்த வீடு மட்டும்தான்.

இளமையில் பட்டு ஆலையில் நூல் இழுத்தவர். மழை நாட்களில் விடுதி அறையில் ஆறு பெண்கள் கூடிப் பழைய நூல்களைப் படிப்பார்கள். மகள் தந்தைக்கும், மனைவி கணவனுக்கும், விதவை மகனுக்கும் அடங்க வேண்டும் என்று ஒருத்தி வாசிப்பாள். கொடியில் தொங்கும் ஈரக் காலுறைகளுக்கு நடுவே மற்றவர்கள் மறுத்துப் பேசுவார்கள்.

"தலைகுனிஞ்சு இருன்னு பொம்பளைங்களுக்குப் புத்தகம் எழுதிப் புத்தி சொன்னதே அந்தக் காலத்துப் பொம்பளை ஒருத்திதான். அவ மட்டும் எழுதுகோலைக் கீழ வைக்கலையே" என்றார் ஒருமுறை பெய்லின். அன்று எழுந்த சிரிப்பில் யார் குரல் எது என்று இன்றும் அவரால் பிரித்துச் சொல்ல முடியும்.

சென்ற மாதம் சாய் குலத்தின் மூத்தவர் ரோங்மாவ் தங்கள் பதிவேட்டின் அச்சுப்படியைப் பார்க்க வந்தார். வட்டங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதென்ன தங்கச்சி, கொசு கடிச்ச மாதிரி? பொம்பளை யின், உள்ளே; ஆம்பளை யாங், வெளியே. முன்னோர் வச்ச ஒழுங்கு."

"உள்ளே இருக்கறது வேற, இல்லாமலே போறது வேற அண்ணே. உலகத்தோட மூலத்தையே அம்மான்னு சொன்ன ஞானியும் நம்ம முன்னோர்தானே?"

"நான் வேற அச்சகம் பாத்துக்கறேன்."

"பாருங்க. உங்க அம்மா பேரு என்னன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ரோங்மாவ் வாயைத் திறந்தார். "ரோங்மாவ் அம்மான்னுதான் எல்லாரும்..." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. முற்றத்தில் அவள் கடுகுக்கீரையை உப்பிட்டு உலர்த்துவதையும், அவள் விரல்களில் ஏறியிருந்த உப்பு வாசனையையும் சொன்னார். பெயர் மட்டும் வரவில்லை.

கடைசியில் சித்திக்குத் தொலைபேசியில் பேசினார். கிழவிக்கு எண்பத்தாறு வயது.

"நான் அக்கான்னுதான்டா கூப்பிடுவேன்" என்றாள். பிறகு தானே தொடர்ந்தாள். "எங்கப்பா வாய்க்கால் பக்கமா நின்னு கத்துவாரு. 'சாவ்யுன், வாத்தெல்லாம் வந்துடுச்சு, நீ எங்க?' அப்படின்னு. சாவ்யுன்டா, சாவ்யுன்."

ரோங்மாவ் கட்டம் போட்ட ஒரு தாளில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். கோடுகளில் ஒன்று வழுக்கிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. பெய்லின் அதைத் திருத்தவில்லை. எழுந்து நின்று, தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.