இடது குழல் கொஞ்சம் மெலிசு

ஏலக் கம்பெனியில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. விற்பனைக்கு வரும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளை எடை போட்டு, குழலின் தடிமனை அளந்து, பட்டியலுக்குக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பச்சைத் துணி விரித்த மேசை. மேலே எரிந்துகொண்டே இருக்கும் குழல் விளக்கு. மழை பெய்ததா என்பதை மேலேயிருந்து வருபவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

துப்பாக்கி பழசானால் குழலின் உள்பக்கம் துரு பிடிக்கும். தேய்த்து எடுத்தால் பளபளப்பு வரும், கூடவே இரும்பும் போகும். நாலு கை மாறிய துப்பாக்கி வெளியே மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். உள்ளே குழல் அட்டை கனத்துக்கு வந்திருக்கும். அதை நம்பிச் சுட்டால் விரல்கள் மிஞ்சாது. அதனால் தராசு எதையும் கண்ணால் நம்புவதில்லை.

வீட்டிலும் பேச ஆளில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தபோது, அக்காவுக்கு முடியட்டும் என்றார். அக்காவுக்கு முடிந்தபோது பேச்சு நின்றுவிட்டது. அக்கா குடும்பத்தோடு தூரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பாதிப் பேச்சு பேரப் பிள்ளைகளை அதட்டுவதிலேயே போய்விடும்.

பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்ட ஓர் அம்மாளின் முதல் அழைப்பு ஒரு ஏலத்துக்கு முந்தின வாரம் வந்தது. வயதான குரல், ஆனால் தடுமாற்றம் இல்லை.

"பட்டியல்ல பன்னிரண்டாவதா இருக்கற துப்பாக்கி, கனம் எவ்வளவு சார்?"

"எந்தக் கனம் கேக்கறீங்க? தூக்கற கனமா, குழலோட கனமா?"

"ரெண்டும்தான்" என்றாள்.

சொன்னார். "அது இல்ல" என்று வைத்துவிட்டாள். அடுத்த ஏலத்துக்கும் கூப்பிட்டாள். அதற்கடுத்ததற்கும். ஒன்றும் வாங்கவில்லை. முன்மேசையில் இருந்த பெண், "சார், உங்க ஆளு லைன்ல" என்று சிரித்துக்கொண்டே இணைப்புக் கொடுப்பாள். தராசுக்குக் காது சிவக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டார். "எதைத் தேடறீங்கம்மா?"

கதை சின்னதுதான். அவளுடைய அப்பா அவளுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். போட்டிகளுக்குப் போய் வந்தாள். கல்யாணமாகிப் போனபின் அப்பா இறந்தார். அண்ணன் துப்பாக்கியை விற்றுவிட்டான். கேட்டபோது, "உனக்கெதுக்கு அது?" என்றான். லைசென்ஸ் அவன் பேரில் இருந்தது. துப்பாக்கியில் பொறித்திருந்த நம்பர் அவளுக்குத் தெரியாது. எடை மட்டும் நினைவிருந்தது: மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. இன்னொன்று, இடது குழல் கொஞ்சம் மெலிசு. அதில் விழுந்திருந்த துருப்பள்ளத்தை அப்பா தேய்க்கக் கொடுத்திருந்தாராம். "அதுக்கப்புறம் சுட்டா சத்தமே வேற மாதிரி இருக்கும் சார். யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் நம்பறேன்" என்றார் தராசு. நம்பினாரா என்பது அவருக்கே தெரியாது.

பிறகு அழைப்புகள் நீண்டன. கனம் கேட்டு முடிந்ததும், முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரர் ஓயாமல் ஆணி அடிப்பது என்று பேச்சு வளரும். தராசு முக்கால்வாசி நேரம் "ம்" கொட்டுவார். வைத்தபின் அறை முன்பைவிட அமைதியாக இருக்கும்.

ஒரு மாரிக்காலத்தில், கலைத்துவிட்ட வீடு ஒன்றின் சாமான்களோடு ஒரு துப்பாக்கி வந்தது. மூன்று கிலோவுக்கு நூற்றெழுபது கிராம் குறைவு. அவள் சொன்ன எடையோடு ஒத்துவரவில்லை. ஒதுக்கி வைக்கப் போனவர், குழலுக்குள் கருவியை விட்டுப் பார்த்தார். இரண்டு குழலும் சமீபத்தில் தேய்க்கப்பட்டிருந்தன. வலதைவிட இடது மெலிசு. அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கி இளைக்கும், பெருக்காது. அவள் சொன்ன எடையிலேயே ஒரு துப்பாக்கி எப்படி இத்தனை வருஷம் இருக்கும்? இதை முதல் நாளே தான் யோசித்திருக்க வேண்டாமா?

போனை எடுத்தார், வைத்தார். சொல்லிவிட்டால் அவளுக்குத் தேட ஒன்றுமில்லை. தேட ஒன்றுமில்லை என்றால் கூப்பிடவும் ஒன்றுமில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றி மேசைக்கடியில் தள்ளினார். அந்த வாரம் அவள் கூப்பிட்டபோது அதை மட்டும் மென்று விழுங்கிவிட்டு, மற்றதையெல்லாம் சொன்னார். மறுநாள் சோறு இறங்கவில்லை. மாலைக்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

அவள் வந்தாள். அவர் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். மாடிப்படி இறங்கிய களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து, குழலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தோளில் வைத்தாள். அந்த அசைவில் வயது தெரியவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் முனை தாழ்ந்தது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி தாழ்ந்தது.

"என்னால சொல்ல முடியல சார்."

"இடது குழல் மெலிசா இருக்கும்மா. தேச்சதுல எடை குறைஞ்சிருக்கு. இதுதான்னு நினைக்கிறேன்."

"நீங்க நினைக்கறீங்க. என் கைதான் சொல்லணும். கைக்கு இப்ப எல்லாமே கனமா இருக்கு. இது இளைச்சிருக்குன்னு வேற சொல்றீங்க. எதை எதோட ஒப்பிடறது?"

"சுட்டுப் பாத்தா சத்தத்துல தெரியும்." சொன்னபின் அவரே தலையாட்டினார். "இந்தக் குழல்ல சுட முடியாது."

"தெரியும்" என்றாள். துப்பாக்கியைத் துணியில் அவளே சுற்றி வைத்தாள். முடிச்சைக்கூட அவர் போட்டிருந்த மாதிரியே போட்டாள். வாசல்வரை கூட வந்தவரிடம், "நல்லா மெனக்கெட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள்.

துப்பாக்கி அலங்காரப் பொருளாக விற்றுப்போனது. ஒரு ஓட்டல்காரர் சுவரில் மாட்ட வாங்கினார்.

அடுத்த ஏலத்துக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. முன்மேசைப் பெண் கிண்டலை விட்டுவிட்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. ஒரு சனிக்கிழமை, எல்லோரும் கிளம்பியபின் அவரே எண்ணைச் சுழற்றினார்.

"இனிமே எதையும் தேடப் போறதில்ல சார்" என்றாள் எடுத்ததும்.

"அதுக்கில்லம்மா. சும்மாதான்."

"சும்மான்னா?"

தராசு தன் ஆயுளில் யாரையும் சும்மா கூப்பிட்டதில்லை. மறுமுனையில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடுங்க. நேரமாச்சு."

அதன்பின் சில சனிக்கிழமைகளில் கூப்பிட்டார். சில நாள் எடுப்பாள், முழங்காலைப் பற்றிப் பேசுவாள். சில நாள் மணி முழுவதும் அடித்து ஓயும். அவள் கடைக்குப் போயிருக்கலாம். அவர் ரிசீவரை வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, படியேறி வெளியே வருவார்.