பூரியின் வயிறும் பிறர் பாசமும்

பூரி முதல் முறை வாந்தி எடுத்தபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பால்கனி மூலையில் மஞ்சள் நுரை. நாய்கள் வாந்தி எடுப்பது சகஜம் என்று துடைத்துவிட்டுப் போனேன். அடுத்த வாரம் வயிற்றுப்போக்கு. அதற்கடுத்த வாரம் மலத்தில் சளியும், சளியில் ரத்தக் கோடும்.

இப்படியொரு நாயை வைத்துக்கொண்டு, தரை துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோயிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. யாரை நம்பக் கூடாது என்று சொல்ல வரும்.

நானும் என் தம்பி முரளியும் செம்பாக்கம் ஏரிக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் வேதியியல் ஆசிரியை. பூரி, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மழையில் நனைந்து கிடந்த குட்டி. தூக்கிவந்தவன் முரளி, பெயர் வைத்தவனும் அவன்தான். வளர்க்கும் வேலை மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

முதலில் பார்த்த கால்நடை மருத்துவர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வெதர் சேஞ்ச் மேடம்" என்றார். ஓர் ஊசி, ஒரு பாட்டில் டிரிப்ஸ், கொஞ்சம் மாத்திரை. சில நாள் சரியாகும். மறுபடி தொடங்கும். மறுபடி போவோம். "வெதர் சேஞ்ச்" என்பார். சென்னையில் வெயிலைத் தவிர வேறு என்ன வெதர் இருக்கிறது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்புவேன்.

அடுத்து, செல்லப்பிராணிகள் கடை. அங்கே நின்றவர் என்னைப் பார்த்ததுமே மேல் தட்டிலிருந்து ஒரு பளபளப்பான பையை இறக்கினார்.

"இம்போர்ட்டட் மேடம். சென்சிடிவ் ஸ்டமக்னே போட்டிருக்கு பாருங்க. ஆட்டுக்கறி ஃபார்முலா. நாய் ஜம்முனு ஆயிடும்."

பையின் முன்பக்கம், புல்வெளியில் ஓர் ஆடு சிரித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் உள்ளடக்கம் இருந்தது: கோழிக்கறித் தூள், கோழிக் கொழுப்பு, அதற்குப் பிறகுதான் ஆடு. இந்தப் பின்பக்கத்தை நான் படித்தது வெகுநாள் கழித்து. அவர் இன்றுவரை படித்திருக்க மாட்டார்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முரளி ஒரே ஒரு கேள்வி கேட்டான். அன்று முழுக்க நிபுணர்கள் முளைத்தார்கள். தயிர்சாதம் போடு. பாலை நிறுத்து. பாலை ஊற்று. நாய் என்பது ஓநாய், பச்சைக்கறிதான் போடணும். எங்கள் நாய் சுத்த சைவம், பாருங்கள் எவ்வளவு சாந்தம். ஒருவர் பூண்டைத் தட்டிப் போடச் சொன்னார். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். அவர் அனுப்பிய செய்தியின் கீழே நிறையக் கட்டைவிரல்கள்.

ஒரு நாள் காலை பூரி எழுந்திருக்கவில்லை. உடம்பு வற்றி, வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தது. "நல்லா சாப்ட்டிருக்கு போல" என்றான் முரளி. அவனை ஆட்டோ பிடிக்கச் சொன்னேன்.

ஊரப்பாக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே டாக்டர் நஸ்ரீன். நாற்பது வயதுக்குள் இருக்கும், சிரிக்காத முகம். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேன் செய்தார். அல்புமின் (ரத்தத்தில் நீரைத் தக்கவைக்கும் புரதம்) மிகவும் குறைந்திருந்தது. குடல் புண்பட்டு, சாப்பிட்ட புரதம் உடம்பில் சேராமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் வயிற்றில் நீர்.

"புழு, கிருமி எல்லாம் டெஸ்ட்ல இல்ல. இப்போ சொல்லுங்க. இவ வாய்க்குள்ள என்னென்ன போகுது? கீழ விழுந்து நக்கறது வரைக்கும்."

சொன்னேன். தினமும் வேகவைத்த கோழி, சோறு. முரளி டீயோடு கொடுக்கும் பிஸ்கட். அந்த இறக்குமதிப் பை. கோழிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை. பல்லுக்கு என்று விற்கும் மெல்லுக்குச்சி.

"இவ்வளவையும் உள்ள தள்ளிட்டு வயிறு வீக்குன்னு சொல்றீங்க" என்றார்.

அந்தக் குரலில் இருந்த ஏளனம் எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை மாதத்தில் முதல் முறையாக யாரோ என்னிடம் நேர்மையாகப் பேசினார்கள்.

எலிமினேஷன் டயட் (இதுவரை சாப்பிடாத ஒரே இறைச்சி, ஒரே மாவுச்சத்து, வேறு எதுவும் வாயில் படாமல் சில வாரம் வைத்துப் பார்ப்பது) என்றார். எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே இல்லை. அதனால் மீன். கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உப்பு, எண்ணெய், மஞ்சள் கிடையாது. பி12 ஊசியும், சத்துக் குறையாமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பொடியும் அவரே எழுதிக் கொடுத்தார். இதை அப்படியே உங்கள் நாய்க்குச் செய்யாதீர்கள். மீன் ஒத்துக்கொள்ளாத நாயும் உண்டு. உங்கள் மருத்துவர் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

"இது வேலை செய்யலன்னா?" என்று கேட்டேன்.

"எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவை உள்ளே செலுத்திக் குடலைப் பார்ப்பது) பண்ணணும். ஸ்டீராய்டு. அப்பவும் சில நாய் பிழைக்கறதில்ல. முதல்ல இதை ஒழுங்கா பண்ணுங்க."

மீன் விற்கும் அக்கா, முள்ளில்லாமல் வெட்டச் சொன்னதும் கத்தியை நிறுத்தினார். "இன்னாக்கா, நாய்க்கா வஞ்சிரம்? நாங்களே துன்றதில்ல." ஆனால் பதமாக வெட்டிக் கொடுத்தார். நான் அதை வேகவைத்து, மசித்து, விரலால் அளைந்து முள் தேடினேன். வீடு முழுக்க மீன் வாடை. முரளி முகம் சுளித்தான். சுளிக்கட்டும் என்று விட்டேன்.

வேலை செய்தது. சில நாளில் வாந்தி நின்றது. மலம் கெட்டியானது. அதைப் பார்த்து மகிழ்ந்து மருத்துவருக்குப் படம் எடுத்து அனுப்பும் நிலைக்கு மனிதர் வரலாம் என்று நான் நினைத்ததில்லை. வயிற்று நீர் வடிந்தது. பூரி மறுபடி படியேறினாள்.

பிறகு ஒரு நாள், எல்லாம் திரும்ப வந்தது. ரத்தம், வாந்தி, உப்பிய வயிறு. மறுபடி ஊரப்பாக்கம், மறுபடி டிரிப்ஸ்.

"யாரோ ஏதோ குடுக்கறாங்க" என்றார் டாக்டர்.

"எங்க வீட்ல யாரும் குடுக்கல டாக்டர்."

"உங்க வீட்ல யாரும் குடுக்கலைன்னு எனக்கும் தெரியுது. யாரோன்னுதானே சொன்னேன்."

வீடு திரும்பிச் சில நாள் கழித்து, பள்ளியிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தேன். கேட் ஓரம் முரளி போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். பூரியை நடக்கவைக்கப் போனவன் அவன். பூரி கார் நிறுத்துமிடத்தில் இருந்தாள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் சுந்தரம் சார். ஓய்வுபெற்ற அதிகாரி, எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மடியில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். சிக்கன் பக்கோடா.

"என்ன சார் குடுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு துண்டு. மசாலாவ நான் சப்பிட்டு, வெறும் கறியத்தான் குடுத்தேன்."

அந்தக் காட்சியை மனதில் ஓடவிட்டுப் பார்த்தேன்.

"கோழி கூடவே கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்?"

"நீங்க பட்டினி போடறீங்கம்மா. தினம் என் முகத்தையே பாக்குது. பாவம், வாயில்லா ஜீவன்."

"வாய் இருக்கறதுதான் சார் பிரச்சனை. அதுல நீங்க கைய வைக்கறதுதான் பிரச்சனை."

"எங்க காலத்துல மிச்சம் மீதிதான் போடுவோம். எல்லா நாயும் நல்லாத்தான் இருந்துது."

"செத்த நாய்ங்கள எண்ணிப் பாத்தீங்களா சார்?"

அவர் பொட்டலத்தை மடித்தார். கண் கலங்கியதுபோல் இருந்தது. அந்த ஈரத்தை நான் மதிக்கவில்லை. பூரியின் முன்னங்காலில் ஊசி குத்தி, நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்தியபோது அவர் அங்கே இல்லை. தான் நல்லவர் என்று தன்னிடமே காட்டிக்கொள்ள ஒரு நாய் வேண்டியிருந்தது அவருக்கு. அந்த நாய் உயிரோடு இருந்தாக வேண்டும் என்ற அக்கறை இல்லை. பாசம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்தச் சோம்பேறித்தனம்தான்.

முரளி போனை வைத்துவிட்டு ஓடிவந்தான். "அக்கா, பெரியவர்கிட்ட இப்படியா பேசுவ?"

"நீ பேசாத. கயிறைப் பிடி."

அன்று மாலை குழுவில் சுந்தரம் சார், கைகூப்பும் படத்தோடு எழுதினார்: அன்பு காட்டவும் அனுமதி கேட்க வேண்டிய காலம் இது. ஆறுதல்கள் குவிந்தன. நான் குழுவிலிருந்து வெளியேறினேன். பூரிக்கு வாய்க்கூடை வாங்கினேன். வெளியே போனால் அது கட்டாயம். மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், பக்கோடா தின்ன முடியாது. கொடுமைக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும்.

இந்த முறை மீண்டுவர அதிக நாள் பிடித்தது. ஆனால் மீண்டாள். அல்புமின் ஏறியது. கேமரா தேவைப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் இன்றும் கீழே இறங்கியதும் பூரி முதலில் போவது சுந்தரம் சாரிடம்தான். கூடையோடு அவர் முழங்காலில் முகம் வைத்து, உடம்பு முழுக்க ஆடுகிறாள். என்னிடம் அப்படி ஆடியதில்லை. நான் அவளுக்கு ஊசி, மாத்திரை, மசித்த மீன். அவர் திருவிழா. அவர் என்னைப் பார்க்காமல், வெறும் கையை அவள் தலையில் வைக்கிறார். இதை டாக்டர் நஸ்ரீனிடம் சொன்னேன்.

"நன்றி வேணும்னா மனுஷங்களுக்குப் பண்ணிருக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அங்கயும் கிடைக்காது" என்றார். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பூரி இப்போது கொழுகொழுவென்று இருக்கிறாள். ஆனால் என் கை அதை நம்புவதில்லை. தடவும்போதெல்லாம் விரல் சதையை விலக்கிக்கொண்டு விலா எலும்பைத் தேடுகிறது. முரளி காய்ச்சலில் படுத்தபோது அவன் தோளைத் தொட்ட கையும் அப்படித்தான் தேடியது. வகுப்பில் பிள்ளைகள் தேர்வெழுதும்போது என் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லா உடம்பிலும் சதை கொஞ்ச நாளைக்குத்தான் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

முன்பெல்லாம் அடுத்த வருடத்தைத் திட்டமிடுவேன். இப்போது என் காலம் ஒரு கிண்ணச் சாப்பாட்டுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே இருக்கிறது. விடிந்ததும் ஏரிக்கரையில் அவள் குனிந்து சுற்றி இடம் தேடுகிறாள். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்கிறேன். நடைப்பயிற்சிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நான் குனிந்து பார்க்கிறேன். கெட்டியாக இருக்கிறது. இன்றைக்கு ஒரு நாள் இருக்கிறது.