யோகா அக்காவும் சாய்ந்து திரும்பும் வண்டியும்

செய்தி வந்தபோது நான் எங்கள் விவசாயக் கந்தோரில் விதைநெல் மாதிரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யோகா அக்கா போய்விட்டாராம் என்றார் காவலாளி. உடனே பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்த மூண்டு சில்லு வண்டியாலயா?" செட்டிபாளையத்தில் செத்த வீட்டிலும் அதே கேள்விதான். பதில் சொல்லிச் சொல்லி அவரது கணவர் களைத்துப்போனார். அக்காவை அறிந்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வண்டியால் விழவில்லை. காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் நெஞ்சு நோவு வந்தது. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

அவர் விழுந்தது அதற்கு முந்திய வண்டியில். சாதாரண ஸ்கூட்டர். மணல் படிந்த வளைவில் சறுக்கிக் கணுக்கால் நொறுங்கியது. எலும்பு பொருந்திய பிறகும், நிறுத்தும்போது வண்டியின் பாரத்தைத் தாங்கும் வலு காலுக்கு வரவில்லை. விவசாயப் போதனாசிரியராக வட்டை வட்டையாக வயல் பார்த்துத் திரிந்தவரை மேசை வேலையில் இருக்கச் சொன்னார் எங்கள் மேலதிகாரி. அக்காவால் இருக்க முடியவில்லை. யன்னலுக்குப் போவார், வாசலுக்குப் போவார், திரும்பி வந்து கோப்பைத் திறப்பார், மூடுவார். ஓட்டோவில் போகலாமே என்றேன்.

"ஓட்டோ வாறவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டா எனக்கு விசர் பிடிச்சிரும் கா" என்றார்.

பின்னால் துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர் ஒன்றையும் ஓடிப் பார்த்தார். அது சாயாது, வளைவில் ஆளை வெளியே தள்ளும். பிறகுதான் கொழும்பில் யாரோ விற்ற பழைய வண்டி ஒன்றைக் கணவர் லொறியில் ஏற்றி வந்தார். முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. திரும்பும்போது முன்சில்லுகள் இரண்டும் வண்டியோடு சேர்ந்து சாயும். நிறுத்தும்போது ஒரு சுவிட்சை அழுத்தினால் முன்சில்லுகள் சாயாமல் பூட்டிக்கொள்ளும், வண்டி தானாக நிற்கும். காலை ஊன்றவே வேண்டாம். அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுவிட்ச்தான்.

மேலதிகாரி சம்மதிக்கவில்லை. ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அக்கா வாதாடவில்லை.

"பின்னால ஏறுங்க சேர். பார்த்திட்டு நீங்களே சொல்லுங்க."

அவர் ஏறினார். கந்தோரே வாசலுக்கு வந்துவிட்டது. வாவிக்கரை வளைவில் வண்டி சாய்ந்ததும் அவர் பயந்து மறுபக்கம் சாய்ந்தாராம். என்னோடு சேர்ந்து சாயுங்கள் என்று அக்கா சொல்ல வேண்டியிருந்ததாம். திரும்பி வந்தபோது சேரின் தலைமயிர் கலைந்திருந்தது. மழைக்காலம் முடியும்வரை துணைக்கு ஓராளைக் கூட்டிப் போகச் சொன்னார், அவ்வளவுதான். துணையாகப் போனது நான்.

சித்தாண்டிப் பக்கம் ஒரு வயலில் பயிர் மஞ்சளிக்கிறது என்று அழைப்பு வந்தது. இரவெல்லாம் மழை. செம்மண் கிரவல் வீதியில் ஒரு முன்சில்லு வழுக்கியது, மற்றது பிடித்துக்கொண்டது. நான் கண்ணைத் திறந்தபோது வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வயலை நெருங்கியதும் சேற்றில் புதைந்துவிட்டது. பாரமான வண்டி, இருவரும் தள்ளியும் அசையவில்லை. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று சலித்துக்கொண்டேன். அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"வீதி முடியிற இடம் மட்டும் கொண்டு வந்து விட்டிரிக்கு. அங்கால நான் நடப்பன்."

நொண்டியபடியே வரம்பில் இறங்கினார். வயற்காரர் பூச்சிமருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு பயிரைப் பிடுங்கி, கறுத்திருந்த வேரைக் காட்டினார். பூச்சியல்ல, தண்ணீர் கட்டிக் கிடக்கிறது, வடிய விடுங்கள் என்றார். வயற்காரர் தாங்கியை இறக்கி வைத்தார். அந்த வயல் பிழைத்து அறுவடைக்கு நின்றது.

ஓய்வுபெறும்வரை அக்கா மேசைக்குத் திரும்பவில்லை. அந்த வண்டியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்சில்லு டயர் தேய்ந்தால் இங்கே கிடைக்காது. கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களில் வீட்டில் யாருக்கும் நிம்மதி இராது என்று கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஓய்வுபெற்ற பிறகும் அக்கா விடியலில் புறப்பட்டுவிடுவார். ஒருநாள் கல்குடாக் கடற்கரையில் வண்டியில் இருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், இங்கே வந்து அதிக நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் வண்டியை அவரது மகள் கொண்டுபோனாள். என்னிடம் மிஞ்சியிருப்பது அக்காவின் இருப்புக்கொள்ளாமை. பயிர் சரியில்லை என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், படம் எடுத்து அனுப்புங்கள் என்றுதான் முன்பு சொல்வேன். இப்போது, அங்கேயே நில்லுங்கள், வருகிறேன் என்கிறேன்.